சேரி, காலனி – அடுத்து எது?

(படிப்பகச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சொல்லுக்குச் சாதி உண்டா என்று எவரேனும் கேட்டால் நகைப்பீர்கள். சொல் பிறக்கும்போது அதற்குச் சாதி இல்லை, குலம் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் அது வளர்ந்து, வாழ்ந்து, சிலருடைய வாயில் குடிபுகுந்து, வேறு சிலருடைய தலைமீது ஏறி அமர்ந்த பின்னர், அதே சொல் கல்லாக மாறுகிறது. வீசுவோர் கைக்கு வாகாகவும், படுவோர் நெஞ்சுக்கு வடுவாகவும் ஆகிறது. அப்படிக் கல்லாகிப்போன இரண்டு சொற்களின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன். ஒன்று நம் மொழியிலேயே பிறந்த சொல் – சேரி. மற்றொன்று கடல் கடந்து வந்த சொல் – காலனி.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். காலனி என்னும் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும், தீண்டாமையின் குறியீடாகவும், வசைச்சொல்லாகவும் மாறிவிட்டமையால், அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும். பொதுப் புழக்கத்திலிருந்தும் அதனை அகற்ற நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பது அறிவிப்பின் சாரம்.

இத்தகைய அறிவிப்பு எப்போது வந்தாலும் இரண்டு குரல்கள் எழுவதுண்டு. ‘காலனி என்றால் குடியிருப்பு என்றுதானே பொருள்? அகராதியைப் புரட்டிப் பாருங்கள், இழிவு எங்கே இருக்கிறது?’ என்பது ஒரு குரல். ‘பெயரை மாற்றினால் வாழ்வு மாறிவிடுமா? பலகைக்கு வண்ணம் பூசுவதுதான் புரட்சியா?’ என்பது மற்றொரு குரல். முன்னவர் மொழியறிவு பேசுகிறார். பின்னவர் புரட்சி பேசுகிறார். இருவரும் போய்ச் சேரும் இடம் என்னவோ ஒன்றுதான் – உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்பது! இருவருக்கும் விடை சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

உழவனும் காலனியும்

அகராதியைப் புரட்டச் சொன்னாரல்லவா? புரட்டுவோம். இலத்தீன் மொழியில் ‘கொலோனஸ்’ என்றால் உழவன் என்று பொருள். நிலத்தைப் பண்படுத்துதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. உரோமப் பேரரசு தான் வென்ற நாடுகளிலே குடியமர்த்திய ஊர்களுக்கு ‘கொலோனியா’ என்று பெயரிட்டது. ஜெர்மனியில் இரைன் ஆற்றங்கரையில் நிற்கும் கொலோன் நகரம் அந்தப் பெயரை இன்றும் பெருமிதத்தோடு தாங்கி நிற்கிறது. நம் வீடுகளில் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் துணி நனைத்துப் போடுவார்களே, ஓடிகொலோன் – அந்த நறுமண நீருக்குப் பெயர் தந்ததும் அந்த நகரந்தான்!

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அங்கே நகரத்துக்குப் பெயராகி, புட்டியிலே மணமாகிய சொல், இங்கே நம் சிற்றூரின் எல்லைக்கு வந்ததும் ஏன் நாற்றமெடுத்தது? உழவன் என்ற பொருளிலே பிறந்த சொல், சேற்றில் இறங்கி நாற்று நட்டு ஊருக்கே சோறு போடுகிற உழைப்பாளியை நோக்கி வசையாக வீசப்படுவது ஏன்? சொல்லின் பிறப்பிலே குறையில்லை. குறை அது வந்து தங்கிய இடத்திலே இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி இழுக்கப்பட்ட கோட்டிலே இருக்கிறது.

அகராதி ஒரு சொல்லின் பிறப்புச் சான்றிதழைத் தரும். அதன் நடத்தைச் சான்றிதழைத் தராது. நடத்தையை அறிய வேண்டுமானால் ஊருக்குள் போக வேண்டும். நகரத்திலே இரயில்வே காலனி உண்டு. வங்கி ஊழியர் காலனி உண்டு. அங்கே குடியிருப்பவரை எவரும் ‘காலனிக்காரன்’ என்று இகழ்வதில்லை. சிற்றூரிலோ அடைமொழி எதுவுமில்லாமல் ‘காலனி’ என்று சொன்னாலே போதும். யார் வாழும் இடம், எந்தத் திசையில் இருக்கும், அங்கிருந்து வருபவரை எப்படி விளிப்பார்கள் என்பது அத்தனையும் விளங்கிவிடுகிறது. ஒரே சொல், நகரத்திலே முகவரி, சிற்றூரிலே முத்திரை!

சேரி கண்ட சிறப்பு

காலனியாவது அயல்நாட்டுச் சொல். சேரியின் கதையைக் கேளுங்கள். சேர்ந்து வாழும் இடம் சேரி. தொல்காப்பியர் செய்யுளுக்கு எட்டு வனப்புகளை வகுக்கிறார். அவற்றுள் ஒன்று புலன். பொருளைத் தேடி அலைய வேண்டாதபடி, கேட்ட அளவிலேயே விளங்கும் எளிய வழக்கு மொழியில் அமைவதே புலன். அந்த எளிய மொழிக்குத் தொல்காப்பியர் இட்ட பெயர் என்ன தெரியுமா? சேரிமொழி! இன்றைக்குச் ‘சேரி பாஷை’ என்று முகஞ்சுளித்துச் சொல்பவர்கள், தமிழின் தலையாய இலக்கணம் அதே பெயரைச் செய்யுளின் அழகுகளுள் ஒன்றுக்கு உரியதாக வைத்திருப்பதை அறிவார்களா?

இன்னும் கேளுங்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகக் காட்டிப் பெருமை கொள்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. அந்தணர் வாழ்ந்த அந்தச் சதுர்வேதிமங்கலத்தில் 30 குடும்புகளும் 12 சேரிகளும் இருந்தன. ஆம், சேரிகள்! வேதம் கற்றோர், நிலம் உடையோர், சபையில் அமர்ந்து ஊரை ஆண்டோர் வாழ்ந்த தெருக்களுக்குச் சேரி என்றே பெயர் இருந்தது. அன்று அவர்களில் எவரும் அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனியவில்லை.

அப்படியானால் சேரி எப்போது சுடத் தொடங்கியது? இதற்கு விடை தஞ்சைப் பெரிய கோவிலின் சுவரிலே இருக்கிறது. 1010இல் முடிவுற்ற அந்தக் கோவிலுக்கு இராசராச சோழன் அளித்த ஊர்களின் விவரத்தைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. வரி விதிக்கப்படாத நிலங்கள் எவை எவை என்று பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், கோவில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகிய பெயர்களும் வருகின்றன. ஊர்நத்தம் ஒரு பக்கம். இந்தச் சேரிகள் மறுபக்கம். கோடு அன்றே இழுக்கப்பட்டிருந்ததற்கு அந்தக் கல்லே சாட்சி.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் கருத வேண்டும். ‘தீண்டா’ என்ற அடைமொழி முன்னே வர வேண்டியிருந்தது. ஏன்? சேரி என்ற சொல் அன்று தனித்து நின்றால் இழிவைச் சொல்லவில்லை. நஞ்சு முன்னொட்டிலே இருந்தது, சொல்லிலே இல்லை. காலம் செல்லச் செல்ல, கம்மாளர் வாழ்ந்த இடம் தெரு ஆயிற்று. அந்தணர் வாழ்ந்த இடம் அக்கிரகாரம் ஆயிற்று. நிலமுடையோர் வாழ்ந்த இடம் ஊர் என்ற பொதுப்பெயரையே தனக்கு உரிமையாக்கிக் கொண்டது. ஒவ்வொருவரும் சேரி என்ற சொல்லைவிட்டு வெளியேறினர். வெளியேற வலிமை இல்லாதவர்கள் மட்டுமே அந்தச் சொல்லோடு விடப்பட்டார்கள். முன்னொட்டு உதிர்ந்தது, அதன் நஞ்சு மட்டும் சொல்லுக்குள் இறங்கிவிட்டது.

பொதுச்சொல் வசைச்சொல்லாகும் வழி இதுதான், தோழர்களே! வலியவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரைத் தேர்ந்துகொண்டு நகர்கிறார்கள். எளியவர்கள் எஞ்சிய பெயரோடு நிறுத்தப்படுகிறார்கள். பெரிய ஊர்களின் பெயருக்குள் ஒளிந்துகொண்ட சேரிக்கு இழிவு நேரவில்லை. புதுச்சேரி என்று சொல்லிப் பாருங்கள். வேளச்சேரி என்று சொல்லிப் பாருங்கள். எவர் முகமாவது சுளிக்கிறதா? அங்கே மனையின் விலையைக் கேட்டுத்தான் முகம் சுளிப்பார்கள்!

சுவர் மாறிற்று, கோடு மாறவில்லை

சேரி சுட்டது, ஆகவே காலனி வந்தது. வந்த வழியையும் பார்ப்போம். 1920ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையரை அமர்த்தி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை பெற்றுத் தரும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் அரசே வீடு கட்டிக் கொடுத்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து சாம்பலான கொடுமையை இந்த மண் கண்டது. 1974இல் தாட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டபோது, தீப்பிடிக்காத வீடுகளை ஆதிதிராவிடர்க்குக் கட்டித் தருவதே அதன் முதற்பணியாக இருந்தது. ஓலைக்குடிசை போய்க் கற்சுவர் வந்தது; சேரி என்ற பெயர் போய்க் காலனி என்ற பெயர் வந்தது. நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்ட பெயர்தான். புதுமை தரும் பெயர். பழைய வடு இல்லாத பெயர்.

ஆனால் வீடு எங்கே கட்டப்பட்டது? பெரும்பாலும் சேரி இருந்த அதே இடத்தில், அல்லது ஊரைவிட்டு இன்னும் சற்றுத் தள்ளி! சுவரை மாற்றினோம், கூரையை மாற்றினோம், பெயரை மாற்றினோம், கோட்டை மாற்றவில்லை. ஆகவே, சேரி என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி, காலனி என்ற சொல்லுக்குச் சில பத்தாண்டுகளிலேயே நேர்ந்தது. புதுப்பானையே ஆனாலும் பழைய நஞ்சை ஊற்றினால் பானையா காக்கும்?

சொல்லோடு கோடும் இருப்பதை மெய்ப்பிக்கப் பழங்கதைகளைத் தேட வேண்டியதில்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவர் ஒடுக்கப்பட்டோரின் தெருக்களைப் பிரித்து நின்றது. 2008 மே மாதத்தில்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி திறந்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் மூன்று குடியிருப்புகள் தாக்கி எரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் நத்தம் காலனி. எரித்தவர்களுக்கு முகவரி கேட்கும் தேவை இருந்ததா? பெயரே வழிகாட்டிற்றே!

பெயரில் என்ன இருக்கிறது?

‘பெயரை மாற்றினால் வாழ்வு மாறுமா?’ என்ற இரண்டாம் குரலுக்கு வருகிறேன். இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் தம் பெயரைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட வேண்டாதவர். வகுப்பறையில் ஆசிரியர் முகவரியைக் கேட்கிறார். ஒரு சிறுவன் ‘மேலத்தெரு’ என்கிறான். இன்னொருவன் ‘காலனித்தெரு’ என்கிறான். அந்த ஒரு சொல்லில் அந்தக் குழந்தையின் சாதி வகுப்பறை முழுவதற்கும் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. குடும்ப அட்டையிலே அந்தச் சொல். வாக்காளர் பட்டியலிலே அந்தச் சொல். வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்திலே அந்தச் சொல். சாதியைக் கேட்கக் கூடாது என்று எண்ணும் அதிகாரியும் அறிந்துகொள்கிறார். கேட்க விரும்பிக் கேட்கத் துணியாத வீட்டுக்காரரும் அறிந்துகொள்கிறார். இது வெறும் பெயரா? நெற்றியிலே ஒட்டிய சீட்டு அல்லவா!

ஆகவேதான் பெயருக்கான போராட்டத்தை நம் முன்னோர்கள் சிறிதென்று எண்ணவில்லை. அவர்கள் இரண்டு வழிகளில் போராடினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஓர் இதழைத் தொடங்கி, அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். நீ வசையாகச் சொல்வதை நான் கொடியாகப் பிடிக்கிறேன் என்ற துணிவு அது. பண்டிதர் அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்க மறுத்தார். ‘பூர்வத் தமிழர்’ என்று வாதிட்டார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். பஞ்சமர், பறையர் என்ற பெயர்களை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதியில் ‘ஆதிதிராவிடர்’ என்றும் தெலுங்குப் பகுதியில் ‘ஆதி ஆந்திரர்’ என்றும் வழங்க வேண்டும் என்பது தீர்மானம். அது நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. ஒருவர் சொல்லை உயர்த்திப் பிடித்தார். மற்ற இருவர் அதனை உதறினர். வழி வேறு, உரிமை ஒன்று. என்னை எப்படி அழைப்பது என்பதை நான் சொல்வேன், நீ அல்ல என்ற உரிமை!

அந்த உரிமையை மறந்து, அன்பினாலே பெயரிட்டால்கூட அது நிலைப்பதில்லை. காந்தியார் 1932இல் ‘அரிசன்’ என்ற பெயரை வழங்கத் தொடங்கினார். அவரது நோக்கத்தில் இகழ்ச்சி இல்லை. ஆயினும் 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தப் பெயரை ஒரு சட்டத்தில் புகுத்த முயன்றபோது, அண்ணல் அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தார்கள். எங்களைக் கேளாமல் எங்களுக்குப் பெயரா என்பது அவர்களுடைய வினா. 1982இல் இந்திய அரசே, சாதிச் சான்றிதழ்களில் அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று அறிவுறுத்திற்று. இரக்கத்தோடு சூட்டிய பெயரும் ஐம்பதாண்டில் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று என்பது நமக்குப் பாடம்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதில்லை என்று உறுதி பூண்டார்கள். மேலே இருந்தவர்கள் தம் பெருமைப் பட்டத்தைத் தாமே துறந்தார்கள். ஒரே நாளில், ஒரே முடிவில், அது அவர்களால் முடிந்தது. ஆனால் காலனியிலே வாழ்பவர், ‘நாளை முதல் என் தெருவுக்கு இந்தப் பெயர் இல்லை’ என்று தாமாக முடிவெடுத்துவிட முடியுமா? அவர் பெயரைப் பிறர் வாய் வைத்திருக்கிறது. அரசின் ஏடு வைத்திருக்கிறது. அதனால்தான் இங்கே அரசு தலையிட வேண்டியிருக்கிறது. பட்டத்தைத் துறக்கத் தனிமனிதன் போதும். வசையை அகற்றச் சட்டமும் சமுதாயமும் வேண்டும்.

பலகைக்குப் பின்

எனவே காலனி என்ற சொல் ஏட்டிலிருந்து போக வேண்டியதுதான், அதிலே ஐயமில்லை. ஆயினும், தோழர்களே, அறிவிப்பை வரவேற்றுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட நமக்கு உரிமை இல்லை. சேரியின் வரலாறும் காலனியின் வரலாறும் நம்மை எச்சரிக்கின்றன. கோடு அப்படியே இருக்கப் பெயரை மட்டும் மாற்றினால், அடுத்து வைக்கும் பெயர் எவ்வளவு அழகானதாயினும் – நகர் என்று வைத்தாலும், குடியிருப்பு என்று வைத்தாலும், தலைவர்களின் திருப்பெயரையே வைத்தாலும் – அதுவும் ஒருநாள் கல்லாகும். அப்போது நம் பேரப்பிள்ளைகள் இதே போன்ற கூட்டத்தில் கூடி, அந்தப் பெயரை நீக்கத் தீர்மானம் போட்டுக் கொண்டிருப்பார்கள்.

பெயரும் மாறி, கோடும் அழிய வழி உண்டா? உண்டு. 1997இல் கலைஞர் வகுத்த பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் 100 வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. ஒருவர் வீட்டுக்கு அடுத்த வீடு மற்றொருவருடையது. அங்கே ஊர் எது, சேரி எது? சுட்டிக்காட்ட ஒரு திசை வேண்டுமே – அந்தத் திசையே இல்லை! 200க்கு மேற்பட்ட சமத்துவபுரங்கள் எழுந்தன. தமிழகத்துச் சிற்றூர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது தொடக்கமே. ஆனால் திசை காட்டிய தொடக்கம். சமத்துவபுரத்துக்காரன் என்று சொல்லி எவரையும் இகழ்வதற்கு வழியில்லை. இகழ்ச்சிக்கு வேண்டிய பிரிவினை அங்கே மனைப்பிரிவிலேயே அழிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே உங்கள் ஊரில் பெயர்ப்பலகை மாறும் நாளில், பலகைக்கு மாலை போட்டு முடித்ததும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். குடிநீர்த் தொட்டி ஒன்றா, இரண்டா? இறந்தவரைச் சுமந்து செல்லும் பாதை எல்லார்க்கும் திறந்திருக்கிறதா? தேர் வரும் தெருவில் அவர்கள் தெரு உண்டா? அரசு அடுத்து வழங்கும் மனை ஊருக்கு நடுவிலா, மீண்டும் எல்லைக்கு அப்பாலா? நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால், புதிய பெயர் வாழும். கிடைக்காவிட்டால், பலகையிலே வண்ணம் காயும் முன்னரே அந்தப் பெயர் வாடத் தொடங்கிவிடும்.

அரசியல் கட்சியினர் எல்லார்க்கும் ஒரு சொல். நம்மவரும் இதற்கு விலக்கல்லர். தேர்தல் வந்தால் ‘ஊர் ஓட்டு எவ்வளவு, காலனி ஓட்டு எவ்வளவு’ என்று கணக்குப் போடும் வழக்கம் இருக்கிறதே, அதனை இன்றோடு விட்டொழியுங்கள். காலனி ஓட்டு என்று சொல்லும் வாய்க்கு, காலனி என்ற சொல்லை நீக்கியதைப் பாராட்டும் தகுதி ஏது? ஊர் என்றால் எல்லாரும் வாழும் ஊர். ஊர்க்கூட்டம் என்றால் எல்லாரும் அமரும் கூட்டம். ஊர்க்காரர் என்றால் அந்த எல்லைக்குள் பிறந்து, உழைத்து, மண்ணுக்குள் போகும் ஒவ்வொருவரும். ஏட்டில் இதனைப் படிக்கும் நீங்கள், நாளைக் காலையில் ஊர் என்ற சொல்லை உச்சரிக்கும்போது, உங்கள் நினைவில் எத்தனை தெருக்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த எண்ணிக்கையில் ஒரு தெரு குறைந்தாலும், நம் வேலை முடியவில்லை என்று பொருள். சேரியைக் காலனி ஆக்கினோம். காலனியை வேறொன்று ஆக்கப்போகிறோம். இந்த முறை, அதனை ஊர் ஆக்குவோம்!